அப்பா வலிக்குப் போட்ட மார்க்

1

இந்தக் கதை ஒரு வேகத்தடையில் பிறந்தது. அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, பேச்சு சுவாரசியத்தில் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்; வண்டி தூக்கிப் போட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் கதை.

உங்களுக்குப் புரிந்திருக்காது. வேறு மாதிரி தொடங்குகிறேன்.

2

["ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்து நெடி..." வேண்டாம். ஆஸ்பத்திரிக் கதை என்றாலே அந்த நெடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாங்கள் போன இடத்தில் புதுப் பெயின்ட் வாசனைதான் அடித்தது.]

அப்பா, டிரைவிங் லைசென்ஸ் தேர்வு நடத்திய இன்ஸ்பெக்டர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பத்துக்கு மார்க் போடுவார். ஐந்து வந்தால் பாஸ். ஐந்துக்கு மேல் அவர் யாருக்கும் போட்டதே கிடையாது. பெற்ற மகள் எனக்கே முதல் தடவை மூன்று. ஓய்வு பெற்ற பிறகும் நான் ஸ்டியரிங்கைத் தொட்டால் போதும், பரீட்சை ஆரம்பித்துவிடும்.

அவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். இடுப்பெலும்பு வரை பரவிவிட்டது. ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்பார், வலி பத்துக்கு எவ்வளவு என்று. அப்பா "மூணு" என்பார். டாக்டர் அதே சின்ன மாத்திரையை எழுதித் தருவார். மூன்றுதானே என்று நானும் நிம்மதியாக வீடு திரும்புவேன்.

3

இப்போது வேகத்தடைக்கு வருவோம்.

"அப்பா, வேகத்தடைல விட்டுட்டேன்."

"ம்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. வேண்டுமென்றே இண்டிகேட்டர் போடாமல் திரும்பினேன். (குற்றம்தான். பின்னால் யாரும் வரவில்லை.) இந்தத் தடவை "ம்" கூட இல்லை. கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை அவர் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். அப்பா வழக்கம்போல "மூணு" என்றார்.

"டாக்டர், இவர் மார்க்கை நம்பாதீங்க. ஜென்மத்துல அஞ்சுக்கு மேல யாருக்கும் போட்டதில்ல."

"ஏன் சார்?"

"இன்னிக்கே பத்தைத் தூக்கிக் குடுத்துட்டா, நாளைக்கு இதைவிட மோசமா ஒண்ணு வந்தா எதைக் குடுக்கறது?"

டாக்டரம்மா* கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார், "படுத்தா தூக்கம் வருதா சார்?"

"உக்காந்துகிட்டே கொஞ்சம் வரும்."

சிரிப்பு நின்றது.

* முதல் வரைவில் இவரைச் சிடுமூஞ்சி ஆணாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த அப்பா, "அந்தம்மா எவ்வளவு நல்லா சிரிக்குது, மாத்து" என்றார். மாற்றிவிட்டேன்.

4

மார்ஃபின் என்றதும் அப்பா முறைத்தார். "அது கடைசி ஸ்டாப் மருந்தாச்சே."

"கடைசிக்கு இல்ல சார், வலிக்கு. மலச்சிக்கல் வரும், அதுக்கும் சேர்த்துத் தரேன். இடுப்புக்குக் கதிர்வீச்சு குடுத்தா இன்னும் குறையும்."

அதற்குச் சம்மதித்தார். அடுத்தது கீமோ. "கூடுதலா சில மாசம் கிடைக்கலாம், அதுக்கு மேலயும் கிடைக்கலாம். உத்தரவாதம் இல்ல. அசதி இருக்கும். வேண்டாம்னாலும் வலிக்கு வைத்தியம் நிக்காது."

"போட்டுக்கலாம்" என்றேன் நான்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஸ்டியரிங் யார் கையில இருக்கு?"

வாயை மூடிக்கொண்டேன். யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டோம்.

5

இதை எழுதத்தான் கதையே எழுதினேன். கதிர்வீச்சு முடிந்து சில வாரம் கழித்து, அதே சாலை, அதே திருப்பம்.

"இண்டிகேட்டர்! கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

"அழுதுகிட்டே ஓட்டாதே, ஓரங்கட்டு."

ஓரங்கட்டினேன்.

"கண்ணாடியைப் பாத்துட்டா ஓரங்கட்டினே? ரெண்டு மார்க்."

"வலிக்கு?"

யோசித்தார். "ஒண்ணு. நிஜமாவே ஒண்ணுதான்."

6

முடிவு அ: அப்பா கீமோவுக்குச் சம்மதிக்கிறார். முடி கொட்டும் என்று நர்ஸ் சொன்னதும் வழுக்கையைத் தடவி, "அது கொட்டி ரொம்ப வருஷமாச்சும்மா" என்கிறார்.

முடிவு ஆ: வேண்டாம் என்கிறார். நாங்கள் தினமும் வண்டியில் ஊர் சுற்றுகிறோம், நான் தினமும் ஃபெயிலாகிறேன், அப்பாவும் நானும்

அப்பா பேனாவை வாங்கி இரண்டு முடிவையும் அடித்துவிட்டார். "ரெண்டுலயும் நீதான் ஓட்டறே. நான் இன்னும் வாயே திறக்கலையே."

"நீங்க ரொம்ப நாள் இருக்கணும்ப்பா. அதான் எனக்கு வேணும்."

"தெரியும்டா." என் தலையில் லேசாகக் குட்டினார். "கதைக்கு நாலு மார்க்."

"பாஸுக்கு ஒண்ணு குறையுதே!"

"நாளைக்கு டாக்டர் ரூம்ல நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்க பேசாம இருந்தா, அந்த ஒண்ணு."

நாளை காலை கிளம்புகிறோம். பின்சீட் காலியாகத்தான் இருக்கிறது, நீங்களும் வாருங்கள். ஏறியதும் பெல்ட் போட்டுவிடுங்கள், அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பார். டாக்டர் அறையில் நான் வாயைத் திறந்தால் மட்டும், தயவுசெய்து பின்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டுங்கள்.