பேனரில் சிரித்தவள்

ஒல்லி என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஊதினால் பறந்துவிடுவாள் போலிருப்பாள். ஆனால் யார் வீட்டு ஃப்ரிட்ஜ் முனகினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பயிற்சி மையத்தில் ஃப்ரிட்ஜ், ஏ.சி. பழுதுபார்க்கப் படித்து முடித்து ஒரு வருடமாகியும் வேலை மட்டும் கண்ணில் படவில்லை. போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "அனுபவம் இருக்கா?" வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும், ஆகாயத்திலிருந்தா கொட்டும்? அதை மட்டும் ஒருவரும் சொல்லித் தொலைக்கவில்லை.

வாயாடி அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். குழாயை வளைக்கச் சொன்னால் உடைப்பாள். பேசச் சொன்னால் அவளை மிஞ்ச ஆளில்லை. படிப்பு முடிந்ததும் மையத்திலேயே, படித்தவர்களை வேலைக்கு அனுப்பும் பிரிவில் நாற்காலி பிடித்துவிட்டாள். போன மாதம் ஒல்லியைக் கூப்பிட்டு, மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, ஒரு ஏ.சி. பக்கத்தில் நிறுத்தினாள்.

"சும்மா ஒரு போட்டோடீ. மையத்துக்கு விளம்பரம். பல்லைக் காட்டு."

ஒல்லி காட்டினாள். சிநேகிதி கேட்டு மாட்டேன் என்பாளா?

இந்த வாரம் குளிர்பதனக் கிடங்கில் ஆள் எடுத்தார்கள். இதுவரை வேலையே கிடைக்காத பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய இடங்கள். அம்மா காலையிலேயே அவளுடைய ஒரே நல்ல சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

மேற்பார்வையாளர் முன்னால் ஒல்லி செப்புக் குழாயை வெட்டி, முனையை விரித்து, இணைத்துக் காட்டினாள். கசிவு இருக்கிறதா என்று அவர் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட எழவில்லை.

"நல்ல கைம்மா உனக்கு. திங்கக்கிழமை வந்துடு. மேனேஜரை மட்டும் ஒரு பார்வை பார்த்துட்டுப் போ."

ஒல்லிக்குத் தலைகால் புரியவில்லை.

மேனேஜர் அவளை உற்றுப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டு பேனர்ல இருக்கற பொண்ணு நீதானே?"

பேனர் வைத்ததே அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பெருமை பிடிபடவில்லை. முகம் தெரிந்துவிட்டது, இனி வேலை கையில் வந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

"ஆமா சார், நானேதான்!"

"அப்ப உனக்குத்தான் வேலை கிடைச்சிடுச்சே? 'இங்கே படித்தார், வேலையில் சேர்ந்தார்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க."

"ஐயோ இல்ல சார், அது சும்மா எடுத்த போட்டோ. மையத்துல கேட்டுப் பாருங்க. என் சிநேகிதிதான் அங்க இருக்கா."

அவரும் நல்ல மனிதர்தான். போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, விஷயத்தைக் கேட்டார். வாயாடியின் குரல் கணீரென்று வந்தது.

"வேலையிலதான் இருக்கா சார். நாங்களேதான் சேத்துவிட்டோம்."

"அடியே, நான் இங்க நிக்கறேன்டீ!" என்று கத்தினாள் ஒல்லி.

அந்தப் பக்கம் இருந்து, "சார், லைன் சரியில்ல" என்றதோடு இணைப்பு போனது.

மேனேஜர் கையை விரித்தார். "மையம் சொல்றதைத்தாம்மா நாங்க எடுத்துக்க முடியும்."

ஒல்லி நேராக மையத்துக்கு நடந்தாள். வேலை போனது ஒரு பக்கம். கூடவே இருந்தவள் வாய் கூசாமல் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வாயாடி புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஒல்லியைக் கண்டதும் முகம் வெளுத்தது. ஆனால் வாய் என்றைக்கு அவளைக் கைவிட்டது?

"இதோ, பேனர்ல இருக்கறவளே வந்துட்டா! கை தட்டுங்க!"

தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் வாயாடி அருகே வந்து கிசுகிசுத்தாள்: "வேலை கிடைச்சவங்க கணக்கு குறைஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடீ. உன் காலைப் பிடிக்கறேன்."

முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "அக்கா, இங்க படிச்சா நிஜமாவே வேலை கிடைக்குமா?"

ஒல்லி அந்தப் பெண்ணை நேராகப் பார்த்தாள். "எனக்குக் கிடைக்கல. அந்த பேனர் பொய். இன்னிக்குக் கிடைக்க இருந்ததையும் இவதான் கெடுத்தா."

எல்லாத் தலையும் வாயாடி பக்கம் திரும்பியது.

வாயாடி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "படிக்கறப்பவே இவ இப்படித்தான். மூஞ்சியை உர்ருனு வெச்சுக்கிட்டே ஜோக்கடிப்பா!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"அப்பாடா, நிஜமாவே பயந்துட்டேன்க்கா" என்று சொல்லி, கேள்வி கேட்ட பெண் மற்றவர்களைவிடப் பலமாகக் கை தட்டினாள்.