ஃப்ளூரியின் துவக்கு

உருத்திரமூர்த்தி சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தது ஒரு துவக்குக்காக, ஒரு பழைய துப்பாக்கிக்காக. இதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. சோலோதுர்னுக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவரைக் கூப்பிட்டு வைத்து, மேசைக்கு அந்தப் பக்கம் வரிசையாக இருந்தவர்கள், ஏன் சுவிஸ்காரனாக விருப்பம் என்று கேட்டார்கள். மலை பிடிக்கும், ஆறு பிடிக்கும், ஒழுங்கு பிடிக்கும் என்று பாடமாக்கியதை அப்படியே ஒப்புவித்தார். வாய் மலையைச் சொல்லிக்கொண்டிருந்தது. மனம் பாடன் நகரில், யோகராஜா என்பவன் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் துவக்கு ஃப்ளூரியுடையது. காகித ஆலையில் உருத்திரமூர்த்திக்கு மேலாக இருந்த ஃபோர்மன். வாயைத் திறந்தால் வேலைக்கு மட்டும் திறக்கிற மனுஷன். அதனால்தான் உருத்திரமூர்த்திக்கு அவரைப் பிடித்தது. அளவுக்கு மீறிக் கதைக்கிறவனை இவர் பக்கத்தில் அண்டவிடுவதில்லை. சனிக்கிழமைகளில் ஃப்ளூரி சுடப் போகும்போது இவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். இவர் ஒரு நாளும் சுட்டதில்லை. தோட்டாப் பெட்டியைத் தூக்குவார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பார். ஃப்ளூரி மாநிலம் முழுக்கப் பெயரெடுத்த சூட்டாளர். சுட்ட துவக்கோ பழைய பட்டாளத்துத் துவக்கு, மரப்பிடி கறுத்துப்போனது. ஒரு நாள் திரும்பி வரும்போது கார் ஓட்டிக்கொண்டே சொன்னார்: "மூர்த்தி, நான் போன பிறகு இது உனக்கு." பிறகு வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

2010 தொடக்கத்தில் ஃப்ளூரி போய்விட்டார். பனி கரைந்த பிறகு அவர் மனைவி கூப்பிட்டு, பெரிய ஃப்ரீசர் ஒன்று இருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். உருத்திரமூர்த்தியிடம் வாகனம் இல்லை. பாடனில் யோகராஜாவிடம் வான் வண்டி இருந்தது. யோகராஜா ஊரில் பக்கத்துத் தெருக்காரன், வயதில் பத்துப் பன்னிரண்டு குறைவு, எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பை உருத்திரமூர்த்தி அதுவரை சந்தேகப்பட்டதில்லை. உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவர், இவன் ஒருவனை விட்டுவைத்தார்.

இரண்டு பேரும் ஃப்ரீசர் தூக்கத்தான் போனார்கள். ஃப்ளூரியின் மனைவி கோப்பி கொடுத்துவிட்டு அலுமாரியைத் திறந்து, சாம்பல் நிறக் கம்பளியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் கிடத்தினார். "இது உங்களுக்கென்று சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார். சும்மா கொடுத்தால் பிறகு வில்லங்கம், ஒரு சிறு தொகைக்கு விற்றதாக எழுதுவோம் என்று மகன் சொன்னான். பாஸ்போட்டைக் கேட்டான். உருத்திரமூர்த்தி தன் இலங்கைப் பாஸ்போட்டை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெடியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், முகம் சிவந்தான். உங்கள் நாட்டுப் பாஸ்போட்காரருக்குத் துவக்கு விற்கக்கூடாது, சட்டம் அப்படி, சில நாடுகளின் பெயர் அதில் இருக்கிறது, உங்களுடையதும் இருக்கிறது என்றான். கெட்டவனில்லை. சொல்லக் கூச்சப்பட்டுத்தான் சொன்னான்.

"உதுக்கு ஏன் அண்ணை முகத்தைத் தொங்கப் போடுறியள்?" என்றான் யோகராஜா, தமிழில். அவனிடம் அப்போதே சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் இருந்தது. "என்ர பேரில எடுப்பம். சாமான் உங்கட. நான் சும்மா பேருக்கு."

அதுவரை அவன் துவக்கைத் தொட்டுப் பார்த்தவனில்லை. ஃப்ரீசர் தூக்க வந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு துவக்குக்குச் சொந்தக்காரனானான்.

ஒன்று குறைந்தது. போல்ட் இல்லை. போல்ட் என்பது துவக்கின் நாக்கு. இழுத்துத் தள்ளினால்தான் தோட்டா உள்ளே போகும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்திலிருந்தே ஃப்ளூரி அதைக் கழற்றி வேறெங்கோ ஒளித்து வைப்பாராம், மனைவிக்கும் சொல்வதில்லையாம். தேடினார்கள், கிடைக்கவில்லை.

துவக்கு வான் வண்டியில் ஏறியது. "சட்டப்படி இப்போதைக்கு என்ர வீட்டிலதான் இருக்கவேணும் அண்ணை. கொஞ்சநாள் போகட்டும்" என்றான் யோகராஜா. உருத்திரமூர்த்தி தலையாட்டினார். ஃப்ரீசரை இறக்கிக் கொடுத்துவிட்டு யோகராஜா போய்விட்டான்.

அந்தக் கோடையில் யோகராஜா வீட்டுப் பல்கனியில் இறைச்சி சுட்டார்கள். யோகராஜாவின் கூட்டாளிகள் குகதாசன் இருந்தான், இராஜசிங்கம் இருந்தான், இன்னும் நாலைந்து பேர். உள்ளே தொலைக்காட்சிக்கு மேலே ஃப்ளூரியின் துவக்கு தொங்கியது. யோகராஜா ஒரு வியாபாரியிடம் வேறொரு போல்ட் வாங்கிச் செருகியிருந்தான். மரத்துக்கு மெருகு போட்டிருந்தான். உருத்திரமூர்த்தி அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"தம்பி, இதை எப்ப கொண்டு வாறாய்?"

"எதை அண்ணை?"

"துவக்கை."

"என்ர துவக்கையோ?" யோகராஜா மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். "இஞ்சை பாருங்கோ, அண்ணைக்குத் துவக்கு வேணுமாம். சிலோன் பாஸ்போட்டை வச்சுக்கொண்டு என்னத்தைச் சுடப் போறியள்? காகத்தையோ?"

எல்லாரும் சிரித்தார்கள். குகதாசன் வாயிலிருந்த பியரை வெளியே துப்பிச் சிரித்தான். இராஜசிங்கம் மட்டும், "அண்ணை ஒரு துண்டு இறைச்சி எடுங்கோ" என்று தட்டை நீட்டினான். அது சிரிப்பைவிடக் கேவலமாக இருந்தது.

யாரிடம் போய் முறையிடுவது? பொலிசுக்குப் போனால், வாங்கக்கூடாத ஆள் வேறொருவன் பேரில் வாங்கப் பார்த்தாய் என்று இவரைத்தான் முதலில் பிடிப்பார்கள். யோகராஜாவுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சிரித்தான். உருத்திரமூர்த்தி அன்று இறைச்சியைத் தின்றார், கை கழுவினார், ரயில் ஏறினார். ரயில் ஓல்டன் நிலையத்துக்கு வரும்போது முடிவெடுத்துவிட்டார். துவக்கு வந்தால் போதாது. அதே பல்கனியில், அதே ஆட்களுக்கு முன்னால், அது யாருடைய துவக்கு என்று அவன் தன் வாயால் சொல்லவேண்டும்.

அதற்காகத்தான் மலை பிடித்தது, ஆறு பிடித்தது. ஜெர்மன் பரீட்சையில் ஒருதரம் தவறி, மறுதரம் தேறினார். சிவப்புப் பாஸ்போட் கைக்கு வந்த அன்று அதை மணந்து பார்த்தார். பசை மணந்தது.

இதற்கிடையில் யோகராஜாவுக்குத் துவக்கு வருத்தம் பிடித்திருந்தது, நோய்தான். ஒரு துவக்கு வாங்கினவன் ஒன்றோடு நிற்பதில்லை. லுசேர்னில் பழைய ஆயுதச் சந்தை கூடினால், "சும்மா பாக்கத்தான் போறன்" என்று போவான். வரும்போது காரின் பின்சீற்றில் ஏதோ நீளமாகப் போர்வையில் கிடக்கும். சைக்கிள் ரயர் மாற்றப் போன இடத்தில் ஒரு பழைய ரிவோல்வரோடு வந்தான். தளபாடம் பார்க்கப் போய், இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கோடு வந்தான். அவன் மனைவி ஜெயமலர் ஒருமுறை தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணை, இந்த மனுஷனைப் பால் வாங்க அனுப்பவும் பயமாக் கிடக்கு."

உருத்திரமூர்த்தி சிரித்தார். பாஸ்போட் கிடைத்த பிறகு அவரும் சந்தைக்குப் போகத் தொடங்கியிருந்தார். வாங்குகிற எண்ணம் இல்லாமல்தான் போனார்; பிடி வெடித்த ஒரு கிழட்டுத் துவக்கை, தன்னைப்போலவே இருக்கிறது என்று பார்த்து, வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏன் வாங்கினோம் என்று யோசித்தார்.

சந்தையில் யோகராஜாவைக் கண்டார். வலியப் போய்க் கதைத்தார்.

"என்ன தம்பி, இண்டைக்கு என்ன வேட்டை?"

யோகராஜா முதலில் முழித்தான். பிறகு, கிழவன் மறந்துவிட்டான் என்று நினைத்தான். கோபத்தைக் காட்டாத மனுஷனுக்குக் கோபம் இல்லை என்று நினைக்கிற சாதி அவன்.

ஃப்ளூரியின் மனைவி முதியோர் இல்லத்துக்குப் போக வெளிக்கிட்டபோது, கெல்லர் என்கிற நிலவறையைத் துப்புரவாக்க உருத்திரமூர்த்தியைக் கூப்பிட்டார். நிலத்துக்குக் கீழே, வெறும் ஜாம் போத்தல்களுக்குப் பின்னால், ஆணியில், பட்டாளத்தார் பாண் ரொட்டி கொண்டுபோகிற துணிப்பை ஒன்று தொங்கியது. அதற்குள் ஒரு கம்பளிக் காலுறை. காலுறைக்குள், எண்ணெய் காயாமல், போல்ட். போல்டில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். அந்தத் துவக்கின் உடம்பில் வெட்டியிருந்த எண்ணே இதிலும் இருந்தது. அவருக்கு அது தன் பிறந்த திகதியைவிட நன்றாகப் பாடம்.

மேலே கொண்டுபோய்க் காட்டினார். "எடுத்துக்கொண்டு போங்கோ" என்றார் அந்த அம்மா. சும்மா எடுக்கமாட்டேன் என்றார் உருத்திரமூர்த்தி. துவக்கின் முக்கியமான பாகத்துக்கும் அதே சட்டம்தான். விற்றதாகத் தாள் எழுதுவோம் என்றார். கேட்காமலே சிவப்புப் பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அவர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார். உருத்திரமூர்த்திக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார். அழுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

அவர் போல்டை விற்கவுமில்லை, காட்டவுமில்லை. காலுறையோடு குசினி அலுமாரியில், அரிசி வாளிக்குப் பின்னால் பூட்டி வைத்தார். வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

சேகரிக்கிறவர்களுக்கு இந்த எண் விஷயம் பெரிய விஷயம். உடம்பும் போல்டும் ஒரே எண்ணாக இருந்தால்தான் துவக்கு முழுத் துவக்கு. யோகராஜா இதைப் பிந்தித்தான் படித்தான். சந்தையில் ஒரு கிழட்டுச் சுவிஸ்காரன், ஃப்ளூரியின் துவக்கைத் தூக்கிப் பார்த்து, போல்டை இழுத்துப் பார்த்து, "வேறொருத்தன் பல்லைக் கட்டியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அன்றிலிருந்து யோகராஜாவுக்கு நித்திரை போனது. ஒவ்வொரு சந்தையிலும் உதிரிப் பாகம் குவித்து வைத்திருக்கிற மேசைகளைக் கிளறுவான். கூடவே உருத்திரமூர்த்தியும் நின்று கிளறுவார்.

"இதில பாருங்கோ அண்ணை, எனக்குக் கண் தெரியேல்லை."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஒவ்வொரு போல்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இல்லைத் தம்பி. இதுவும் இல்லை." அந்த 'இல்லை'யைச் சொல்லும்போது அவர் நாக்கில் வெல்லம் கரைந்தது. வருஷக்கணக்காகச் சொன்னார். அலுக்கவேயில்லை.

2019இல் யோகராஜா சேர்ந்திருந்த சூட்டுக் கழகம் ஆண்டுவிழாவுக்கு ஒரு கண்காட்சி வைத்தது. ஃப்ளூரியின் பெயர் அங்கும் தெரிந்த பெயர். அவர் துவக்கு என்னிடம் என்று யோகராஜா வாய்விட்டிருந்தான். கொண்டு வா, நடுவில் வைக்கிறோம், ஆனால் அதன் சொந்தப் போல்டோடு என்று சொல்லிவிட்டார்கள். யோகராஜா ஊரெல்லாம் அழைப்புச் சொல்லிவிட்டான். போல்ட் இல்லை. உருத்திரமூர்த்திக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, எங்கையாவது கேள்விப்பட்டனீங்களோ?"

"கிடைச்சிட்டுது."



"எங்கை அண்ணை?"

"என்ர குசினியில. அரிசி வாளிக்குப் பின்னால கிடக்கு. நாலு வருஷமாக் கிடக்கு."

யோகராஜா மூச்சுவிடுவது கேட்டது. திட்டப் பார்த்தான், விழுங்கினான். "என்ன வேணும் சொல்லுங்கோ."

"ஒண்டும் வேண்டாம். அண்டைக்கு உன்ர பல்கனியில ஆர் ஆர் நிண்டவையோ, அவையெல்லாரையும் கூப்பிடு. அந்தத் துவக்கு ஆரின்ர எண்டு சொல்லு. அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்திருந்தார்கள். பல்கனியில் அதே அடுப்பு. குகதாசனுக்கு வயிறு வைத்திருந்தது, இராஜசிங்கத்துக்குத் தலை வழுக்கை. ஏன் கூப்பிட்டான் என்று ஒருவருக்கும் தெரியாது. உருத்திரமூர்த்தி கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். தட்டு நீட்டப்பட்டது. தொடவில்லை.

"சொல்லு" என்றார்.

யோகராஜா சிரிக்கப் பார்த்தான். "அண்ணைக்கு ஒரு சின்ன மனவருத்தம், அதுதான்..."

"மனவருத்தத்தைப் பற்றி உன்னட்டைக் கேக்கேல்லை."

ஜெயமலர் குசினி வாசலில் வந்து நின்றாள். யோகராஜா தரையைப் பார்த்தான்.

"அந்தத் துவக்கு அண்ணையின்ர. ஃப்ளூரி அவருக்கெண்டு சொன்னது. அவரிட்ட அப்ப இஞ்சத்தைப் பாஸ்போட் இல்லை. நான் சும்மா பேருக்கு எடுத்தனான். பிறகு... குடுக்கேல்லை."

அடுப்பில் கொழுப்புச் சொட்டிப் புகைந்தது. யோகராஜா கையை நீட்டினான். "தாங்கோ அண்ணை. சொல்லிட்டன்தானே."

"ஓம், சொல்லிட்டாய்" என்றார் உருத்திரமூர்த்தி. "என்ர எண்டு இத்தனை பேருக்கு முன்னால சொல்லிட்டாய். அப்ப என்ர சாமானைத் தா."

யோகராஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "அண்ணை, கண்காட்சி இருக்கு. நீங்கள் சொல்லச் சொன்னது மட்டும்..."

"போல்ட் தருவன் எண்டு நான் எங்கை சொன்னனான்? தருவன் எண்டு சொல்லிட்டுத் தராமல் விடுறது உன்ர பழக்கம்."

குகதாசன் இந்தமுறையும் சிரித்தான். ஆனால் இந்தமுறை யோகராஜாவைப் பார்த்து. "மச்சான், வாயால சொன்ன பிறகு குடுக்கத்தானே வேணும். காகம் சுடவோ வச்சிருக்கிறாய்?"

யோகராஜா அசையவில்லை. ஜெயமலர்தான் உள்ளே போனாள். நாற்காலியில் ஏறி, தொலைக்காட்சிக்கு மேலிருந்து துவக்கை இறக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். "கொண்டுபோங்கோ அண்ணை. இந்த வீட்டில ஒரு சுவராவது கண்ணுக்குத் தெரியட்டும்."

உருத்திரமூர்த்தி விற்பனைத் தாளை எழுதியே கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் சிவப்புப் பாஸ்போட்டை விரித்து வைத்தார். "வடிவாப் பார், தம்பி. இது சிலோன் இல்லை." யோகராஜா கையெழுத்துப் போட்டான்.

பிறகு அவர் துவக்கைக் கையில் எடுத்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பிடியில் யோகராஜா பூசியிருந்த மெருகு வழவழத்தது. ஒருநாள் சுரண்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தார். யோகராஜா வாங்கிச் செருகிய போல்டைப் பின்னால் இழுத்துக் கழற்றி, அவன் உள்ளங்கையை விரித்து, அதில் வைத்து மூடினார்.

"இது உன்ர. அடுத்தவன்ர பொருள் எனக்கு வேண்டாம்."

துவக்கை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினார். கோட்டுப் பைக்குள் போல்ட் கிடந்த கம்பளிக் காலுறை இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. மேலே பல்கனியில் யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதில் யோகராஜாவின் சிரிப்பு இருக்கிறதா என்று நின்று கேட்டார். இல்லை. பிறகுதான் ரயிலுக்கு நடந்தார்.