சாவியைத் திருப்ப மாட்டேன்

அந்த வீட்டில் கார் ஒன்று. அதற்குச் சொந்தக்காரர்கள் மூவர். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

காரை வாங்கியவர் அண்ணன், ரொட்டிக்கடை நடத்துபவர். அதைப் பந்தயத்தில் ஓட்டியவள் அவருடைய தங்கை சிட்டு. மற்ற நாள்களில் ஓட்டுநர் பள்ளியில் பிறருக்குப் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுப்பவள். அதன் வயிற்றுக்குள் கைவிட்டு வைத்தியம் பார்த்தவள் சிட்டுவின் அண்ணி. தொழில், ஏசி பழுதுபார்ப்பது. நாத்தனாரும் அண்ணியும் ஒரே காருக்குள் தலையை விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் சண்டையின்றி நிற்பதைப் பார்த்து அந்தத் தெருவே கவலைப்பட்டது.

அது நான்கு சிலிண்டர் கொண்ட சின்ன எஞ்சின். இருந்தும் பெரிய கார்களோடு மல்லுக்கட்டியது என்றால், பின்னால் கட்டியிருந்த நைட்ரஸ் பாட்டில்தான் காரணம். அந்த வாயு நெருப்புக்குக் கூடுதல் மூச்சுக் கொடுக்கும். கேட்ட நேரத்தில் கொடுத்தால் கார் பறக்கும். கேளாத நேரத்தில் கொடுத்தால் வேறு ஏதாவது பறக்கும்.

சென்ற ஆண்டு அதுதான் நடந்தது. ஒரு தடவை தாமே ஓட்டுவதாகச் சொல்லி அண்ணன் உட்கார்ந்தார். கார் நகரத் தொடங்குமுன்பே வாயுவைத் திறந்துவிடும் பட்டனை அமுக்கினார். மெதுவாகச் சுற்றும் எஞ்சின் காற்றையும் மெதுவாகத்தான் இழுக்கும். ஆகவே வாயுவும் பெட்ரோலும் உள்ளே போக முடியாமல் மேனிஃபோல்டு என்னும் காற்றறையிலேயே தேங்கின. ஒரு பொறி பின்பக்கமாக எட்டிப் பார்த்தது. டமார்! பிளாஸ்டிக் மேனிஃபோல்டு மூன்றாகப் பிளந்தது. பானெட்டுக்குக் கூன் விழுந்தது.

"இன்னொரு தடவ அந்தச் சத்தம் கேட்டுச்சு, இது ரொட்டி ஏத்துற வண்டி. அப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார் அண்ணன். வெடிக்க வைத்தவர் அவரே என்பதை அவர் மறந்துவிட்டார். மறப்பதில் அவர் கெட்டிக்காரர்.

"சரி. அடுத்த பந்தயத்துல கேக்கலன்னா வண்டி எங்க ரெண்டு பேருக்கு. அப்பவும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றாள் சிட்டு.

"பாக்கலாம்டி."

அடுத்த பந்தயத்துக்குள் அண்ணி ஒரு காவற்காரனை நியமித்தாள். தீப்பெட்டி அளவே இருந்த ஒரு சுவிட்ச் அது. ஆக்சிலரேட்டர் தரையைத் தொட வேண்டும். எஞ்சின் சுற்று மூவாயிரத்தைத் தாண்ட வேண்டும். இரண்டும் நடந்தாலன்றி அது வாயுக்குழாயின் மின்வால்வைத் திறக்காது. பெட்ரோலின் அழுத்தம் குறைந்தாலும் சரி, சுற்று மீட்டரின் சிவப்புக் கோட்டை நெருங்கினாலும் சரி, உடனே மூடிவிடும். சூட்டை விரைவாக இறக்கும் பிளக்குகளையும் அவள் மாற்றினாள். செய்ய வேண்டியது வேறொன்றும் மீதியில்லை, கணவரைத் தவிர.

பந்தயம் கைவிடப்பட்ட விமான ஓடுபாதை ஒன்றில் நடந்தது. வரிசையில் காரை நிறுத்தி, பாட்டிலையும் திறந்துவைத்துவிட்டு, பெண்கள் இருவரும் தலைக்கவசச் சோதனைக்குப் போனார்கள். அண்ணன் தம் நண்பர்களுடன் காவல் நின்றார். பெண்கள் திரும்பியபோது அழைப்பு வந்துவிட்டது. காரைக் கோட்டுக்குத் தள்ளினார்கள். சிட்டு உட்கார்ந்தாள். பக்கத்துப் பாதையில் கறுப்புக் கார் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணி கடைசி முறையாகப் பானெட்டுக்குள் குனிந்தாள். நிமிரவில்லை.

"சிட்டு, சாவியில கை வைக்காதே."

மேனிஃபோல்டுக்குப் போகும் மெல்லிய வாயுக்குழாய் வெள்ளை வெளேரென்று பனி பூத்திருந்தது.

"ஏங்க, இதைத் தொட்டது யாரு?"

"யாரும் தொடலயே. வெயிலுக்கு வேர்த்திருக்கும்."

"வேர்வைக்கும் பனிக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் ஊரு பூரா ஏசி பாக்கிறேன்? எஞ்சின் ஓடல, குழாய் மட்டும் உறைஞ்சிருக்கு. வாயு உள்ளே போயிருக்கு. சொல்லுங்க."

அண்ணன் நண்பர்களைப் பார்த்தார். நண்பர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

"பாட்டில் காலின்னு இவனுங்க கிண்டல் பண்ணானுங்க. பேட்டரியில இருந்து ஒரு ஒயர வால்வுல வச்சு... புஸ்ஸுன்னு ஒரு சத்தம். கேக்கட்டுமேன்னு. கொஞ்சம்தாம்மா."

அண்ணி சொன்னாள்: "தூங்குற புலிக்கு ஒரு குரங்கைக் காவல் வச்சாங்களாம். புலி நெசமா, பொம்மையான்னு கூட்டாளிங்க கேட்டாங்களாம். குரங்கு வாலப் புடிச்சு இழுத்துக் காட்டுச்சாம்."

"அப்புறம்?" என்றான் ஒரு நண்பன்.

"அப்புறம் கதை சொல்றதுக்குக் குரங்கு இல்ல."

புரிந்தவர்கள் பின்வாங்கினார்கள். காற்றறை நிறைய நைட்ரஸ். இப்போது சாவியைத் திருப்பினால் பெட்ரோல் வரும், பொறி வரும், அந்தச் சத்தமும் வரும். புரியாதவர்களோ நூற்றுக்கணக்கில் வேலியோரம் நின்று ஊளையிட்டார்கள். "ஸ்டார்ட் பண்ணத் தெரியலயா?" "வீட்டுல கேட்டுட்டு வரச் சொல்லு!"

கொடிக்காரர் ஜன்னலில் தட்டினார். "ஸ்டார்ட் பண்ணும்மா. எல்லாரும் காத்திருக்காங்க."

"பண்ண மாட்டேன்."

"பண்ணலன்னா தோத்ததா எழுதிடுவேன்."

"எழுதிக்கோங்க."

இப்போது அண்ணனுக்கு மானம் போயிற்று. "ஏய் சிட்டு, எல்லாரும் சிரிக்கிறாங்க! ஒண்ணும் ஆகாது, திருப்பு!"

"சிரிக்கட்டும் அண்ணே. சிரிச்சு மேனிஃபோல்டு உடையாது. நான் சாவியத் திருப்ப மாட்டேன். நீங்க சொன்னாலும் மாட்டேன், இந்தக் கூட்டமே கால்ல விழுந்தாலும் மாட்டேன்."

கறுப்புக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கினார். "தங்கச்சி, எங்க போகணும்னு சொல்லு, வழியில எறக்கி விடறேன்."

"முன்னாடி போங்கண்ணே. தனியா ஓடுறப்பவாவது ஜெயிச்சுப் பாருங்க."

கொடி விழுந்தது. கறுப்புக் கார் தனியாக ஓடித் தனியாக வென்றது. சிட்டு இறங்கினாள், ஓரம் கட்டக் காரைத் தள்ள வேண்டியிருந்தது. "அண்ணே, நீங்களும்தான்" என்றாள். ஊரே பார்க்க ரொட்டிக்கடை முதலாளி தள்ளினார்.

அண்ணி பாட்டிலை மூடினாள். காயில்களின் இணைப்பைக் கழற்றினாள்: பொறி வராது. பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கினாள்: எரிபொருளும் வராது. "இப்ப திருப்பு. ஆக்சிலரேட்டர முழுசா அமுக்கிக்கோ." எஞ்சின் உயிரில்லாமல் கிர் கிர்ரென்று சுற்றியது, தேங்கியிருந்ததையெல்லாம் இழுத்து வெளியே துப்பியது. வால்வு கசியவில்லை என்பதையும் காதை வைத்துப் பார்த்த பிறகே அண்ணி எல்லாவற்றையும் பழையபடி மாட்டினாள். எஞ்சின் சாதுவாக எழுந்தது.

"போதும்மா. தோத்தாச்சு, வீட்டுக்குப் போலாம்" என்றார் அண்ணன்.

"அவர்கிட்ட தோத்தேன். உங்ககிட்ட இன்னும் தோக்கல" என்றாள் சிட்டு.

பந்தயங்கள் முடிந்ததும் அவள் கொடிக்காரரிடம் போனாள். தனியாக ஒரு முறை ஓட அனுமதி கேட்டாள்.

"கணக்குல சேராதும்மா."

"சேர வேண்டாம். எங்க வீட்டுக் கணக்கு ஒண்ணு பாக்கியிருக்கு."

அவர் சிரித்துவிட்டுக் கொடியை எடுத்தார்.

"அந்த பாட்டில மட்டும் மூடியே வச்சுக்கோ" என்று அண்ணன் கெஞ்சினார். சிட்டு அவர் கண் முன்னாலேயே அதைத் திறந்தாள்.

கார் கிளம்பியது. மூவாயிரம் வரை ஒன்றுமே நடக்கவில்லை. "பாட்டில் காலிதான்டா" என்றான் நண்பன். பிறகு மிதி தரையைத் தொட்டது. அண்ணியின் சுவிட்சில் பச்சை விளக்கு எரிந்தது. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் கார் பாய்ந்தது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அவள் காலைத் தூக்கினாள், வாயு நின்றது. அமுக்கினாள், மீண்டும் வந்தது. சிவப்புக் கோட்டின் அருகே சுவிட்ச் தானாகவே மூடிக்கொண்டது. பாதையின் கடைசிவரை எஞ்சினின் நீண்ட கூவலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினாள். "என்ன அண்ணே?"

அண்ணன் காதைத் தடவிக்கொண்டார். "காத்து அந்தப் பக்கமா அடிச்சுது. வெடிச்சுதா இல்லையான்னு எனக்குச் சரியாக் கேக்கல."

அண்ணிக்கு வந்த கோபம் சிட்டுவுக்கு வரவில்லை. அவள் கைநீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"வாங்க. எஞ்சினுக்கு இந்தப் பக்கம் உக்காந்தா நல்லாக் கேக்கும்."

"எதுக்கு... நீ சொன்னா சரிதான், நான் நம்பறேன்."

"நம்ப வேண்டாம் அண்ணே. கேட்டா போதும்."

அவர் ஓரடி பின்னால் வைத்தார். பின்னால் அண்ணி நின்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு தலைக்கவசத்தை அவர் தலையில் கவிழ்த்து, தாடைக்குக் கீழே வாரை இழுத்து இறுக்கினாள்.