பழைய பச்சை

"ஏய், கீழ போடு!" என்று மோகனராஜ் போட்ட சத்தத்தில் குழந்தை அப்படியே உறைந்து நின்றது. சுரண்டியை வீசிவிட்டு ஒரே எட்டில் பாய்ந்து அதன் கையைப் பிடித்தான். விரல்களுக்கு நடுவே நகத்தளவு பெயின்ட் செதில். மேலே வெள்ளை, அடியில் பழைய பச்சை. அவன் அதைப் பிடுங்கியதும் குழந்தை சப்னா வீடே அதிர அழுதாள்.

சமையலை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து தாய் ஹபீலா ஓடிவந்தாள். "என்னத்துக்கு அண்ணே புள்ளக்கி ஏசுறீங்க?"

"மன்னிச்சிக்கங்க தங்கச்சி. இத வாயில போடப் பாத்துச்சு."

"ஒண்டர வயசுப் புள்ள. எதயும் வாயிலதான் போடும். அதுக்கு இப்பிடிக் கத்தணுமா?"

அவன் தரையைப் பார்த்தான். கட்டுகஸ்தோட்டையில் ஹபீலாவின் பாட்டனார் காலத்து வீடு அது. அவளுடைய தங்கையின் கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பெயின்ட் வேலையை முடிக்க வேண்டுமென்று, அக்குறணையில் கடை வைத்திருக்கும் அவளுடைய வாப்பா சொல்லியிருந்தார். காலையிலிருந்து பழைய பெயின்டை உலர்வாகவே தேய்த்ததில் மண்டபம் முழுவதும் மாவு போலத் தூசி. அதில் குழந்தையின் சின்னச் சின்னக் காலடிகள்.

நான்கு மாதத்துக்கு முன் அவனுடைய மகள் சிந்துஜாவின் இரத்தத்தில் ஈயம் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லையென்று காட்டப்போன இடத்தில்தான் அது தெரிந்தது. டாக்டர் விளையாட்டுச் சாமான்களைக் கேட்டார். மர லொறியையும் வாத்துப் பொம்மையையும் பையில் போட்டு தெல்தோட்டை வீட்டிலிருந்து கொண்டுபோய்க் காட்டினான். வீட்டைப் பற்றிக் கேட்டார். கடைசியில்தான், "நீங்க என்ன வேலை?" என்றார். வேலை உடுப்போடு தினமும் பிள்ளையைத் தூக்குவது உண்டா என்றும் கேட்டார். உண்டு. அவன் வரும் நேரம் பார்த்து வாசலுக்கு ஓடிவருவாள். பழைய பெயின்ட் தூசியில் உள்ள ஈயம் அவன் உடுப்போடு வீட்டுக்கு வந்திருக்கும் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து வேலை இடத்திலேயே குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறான். ஆனால் மற்றவர்களின் வீடுகளில் பழையபடியே உலர்வாகத் தேய்த்தான். நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது, ஆனால் இரண்டு மடங்கு நாள் பிடிக்கும். இன்று காலை சப்னா தவழ்ந்தும் நடந்தும் திரிவதைப் பார்த்த பிறகும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாததை ஹபீலாவிடம் சொன்னான். "காலையிலயே சொல்லியிருக்கணும் தங்கச்சி. என் தப்புதான்."

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒங்கட புள்ள இப்ப எப்பிடி?"

"ரெத்தத்துல கொறஞ்சிருக்காம். பேச்சு இன்னும் வரல. அதாலதான் வரலயான்னு டாக்டருக்கும் நிச்சயமாச் சொல்லத் தெரியல."

ஹபீலா போனை எடுத்தாள். "வாப்பா, வெள்ளிக்கிழமைக்கு முடியாது. இல்ல, அவர்ல பிழையில்ல. நான்தான் நிப்பாட்டச் சொல்றன்." பேசிக்கொண்டே உள்ளறைப் பக்கம் திரும்பியவள் சட்டென்று நின்றாள். "அண்ணே, இங்க வந்து பாருங்க."

ஜன்னலோடு ஒட்டிப் போட்ட தொட்டில். அதில் எழுந்து நின்றால் குழந்தையின் வாய் உயரத்துக்கு ஜன்னலின் கீழ்ச்சட்டம். அந்த இடத்தில் வெள்ளை உரிந்து, பச்சையும் போய், மரம் தெரிந்தது. நடுவில் வரிசையாக நாலு பல் தடம்.

"பல்லு முளைக்கிற நமைச்சல் எண்டு நெனச்சன்" என்றாள். "எத்தன மாசமா கடிக்கிதோ."

மோகனராஜ் குனிந்து தடத்தைப் பார்த்தான். "கைய நல்லாக் கழுவிட்டு இன்னக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. பாத்தா ஒண்ணும் தெரியாது. ரெத்தம் எடுத்துத்தான் பாக்கணும்."

அவள் சட்டத்தைப் போனில் படம் எடுத்தாள். குழாயடியில் குழந்தையின் கைகளைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினாள். ஓட்டோ வந்தது. சப்னா அழுததை மறந்து அவனுக்குக் கையசைத்தாள்.

மோகனராஜ் மண்டபத்தை ஈரத்துணியால் மூலை மூலையாகத் துடைத்தான். வாளித் தண்ணீரை மூன்று தரம் மாற்றினான். பிறகு தொட்டிலை நகர்த்திவிட்டு, துணியைப் பிழியாமலே ஜன்னல் சட்டத்தின் மேல் விரித்தான். தண்ணீர் மெல்லப் பரவி அந்த நாலு தடங்களிலும் இறங்கி நின்றது.