அனல் போகிற பக்கம்

பக்கத்து அடுக்குமாடியின் ஏசி பெட்டிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கியதும் சிம்ரன் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்தினால் புழுக்கம், திறந்தால் அனல். கரையான்சாவடியில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்தில், கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் அத்தனை பெட்டிகளும் வேம்புலியின் வீட்டைப் பார்த்தே மாட்டப்பட்டிருந்தன. முன்பு அடுக்குமாடி இருக்கிற இடத்தில் ஒரு குட்டை இருந்தது. நாற்றம் பிடித்த குட்டைதான், பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் பக்கமிருந்து காற்றாவது வரும்.

பிரசவத்துக்கு வந்த மகள் சிம்ரனின் குழந்தைக்கு இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதுகு முழுக்க வேர்க்குரு. போன வாரம் உடம்பு கொதித்து, பால் குடிக்காமல் துணி மாதிரி துவண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, குழந்தையைக் குளுமையான இடத்தில் வையுங்கள், மறுபடி இப்படிச் சூடேறினால் தாங்காது என்று சொல்லி அனுப்பினார். வேம்புலி என்ன ஊட்டியிலா குடியிருக்கிறான்?

அடுக்குமாடி செயலாளர் ரவிச்சந்திரனிடம் போய்க் கேட்டான். நல்ல மனுஷன், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கட்டும்போதே அந்தச் சுவரில்தான் இடம் விட்டிருக்கிறார்கள், யாரை மாற்றச் சொல்வது என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். கிளம்பும்போது, "நீங்களும் சின்னதா ஒண்ணு போட்டுக்கங்கண்ணா, குழந்தை இருக்குல்ல" என்றார்.

தவணையில் ஏசி வந்தது. மாட்ட வந்த கஜபதி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். முன்பக்கம் சந்து, வண்டி இடிக்கும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பாரம் தாங்காது.

"ஃபிளாட்டு பக்கம் மாட்டுனா அவுங்க அனல்லயே இதுவும் வெந்துகினு கெடக்கும் அண்ணாத்தே. உள்ள கூல் ஏறாது. பின்னாடிதான்."

பின்னாடி கெங்கம்மாளின் ஒற்றை அறை. வேம்புலியின் அண்ணி. அண்ணன் செத்துப்போனதிலிருந்து தனியாக இருக்கிறாள். அந்த அறைக்கு இருப்பதே ஒரு ஜன்னல், அதுவும் இந்தச் சுவரைப் பார்த்தபடி. வேம்புலி போய் நின்றான். கஜபதி சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. அவளே சொன்னாள்:

"கொழந்த முக்கியமா, நான் முக்கியமா? மாட்டச் சொல்லு, போ."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. சண்டை போட்டிருந்தால் அந்தச் சாக்கில் தானும் கத்தித் தீர்த்திருக்கலாம். யாரைத் திட்டுவது? ரவிச்சந்திரனையா, கஜபதியையா?

மறுநாள் மத்தியானம் குழந்தை வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு அசந்து தூங்கியது. முதுகில் சிவப்பு அடங்கியிருந்தது. சிம்ரனும் பக்கத்திலேயே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். பார்க்கப் பார்க்க வேம்புலிக்கு அப்பாடா என்றிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் பின்பக்கம் போனான்.

கெங்கம்மாள் பெட்டிக்கு எதிரே கயிறு கட்டி, துவைத்த குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"பாரு நைனா, போட்ட ஒடனே காயுது" என்று சிரித்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், "ராவுலயும் ஓடுமா இது?" என்று கேட்டாள்.

பெட்டி உறுமியது. கயிற்றில் கிடந்த சின்னச் சின்னத் துணிகள் எல்லாம் அனலில் எழும்பி, அவள் ஜன்னல் பக்கமாகப் படபடத்தன.