எஃப் எழுத்துக்குச் சொந்தக்காரர் இல்லை

அக்காவின் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் கணினிகளைக் கவனிப்பவன் தம்பி. காலையில் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினான். அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தால் அவன் எப்படித் தம்பி?

கணினிக்குள் பதினோரு பழைய சாவிகள் கிடந்தன. கதவு திறக்கிற சாவி இல்லை. வருகிற மென்பொருளில் இருப்பது அசல் ஆசாமியின் கையொப்பம்தானா என்று சரிபார்க்கிற சாவி. பெயரில் பழைய வருடம் தெரிந்ததையெல்லாம் தயவு தாட்சண்யமின்றி அழித்தான். நகல் எடுத்து வைப்பது கோழைகளின் பழக்கம் என்று வேறு நினைத்துக்கொண்டான்.

புதிய இயங்குதளத்தில் வில்லை வெட்டும் பழைய நிரல் ஓடவில்லை. புதிய நிரலை நிறுவப் போனால், கையொப்பம் யாருடையதென்று தெரியவில்லை எனக் கணினி கையை விரித்தது. அழிந்த பதினொன்றில் ஒன்று அதற்கு உரியது.

"என்னடா, மெஷின் சத்தத்தையே காணோம்?"

"சுத்தம் பண்ணேன்க்கா."

"எதை? என் பொழப்பையா?"

அக்காவோடு வெளி நிறுவனத்துக்காரர் ஒருவரும் நின்றார். கணினிகளை அவரிடமே விட்டுவிடலாமா என்று பேசத்தான் வரச்சொல்லியிருந்தாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"சரிபார்க்கிறதையே நிறுத்திடலாம் மேடம். ரெண்டு நிமிஷ வேலை."

தம்பிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனாலும் யார் அனுப்பியதென்றே தெரியாத ஒன்றை உள்ளே விட மனம் வரவில்லை. அந்த இயந்திரம் வெட்டுவது கண்ணாடியை மட்டுமா, யாரோ ஒருவருடைய பார்வையை அல்லவா?

"அரை மணி நேரம் குடுக்கா. அப்புறம் நான் இருக்கறதா, கிளம்பறதா, நீயே சொல்லு."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள்.

வில்லை வெட்டும் நிரலை எழுதியவர் ஒரு அம்மாள். அவருடைய இணையதளத்திலிருந்து சாவியை இறக்கினான். அதன் பெயரிலும் அதே பழைய வருடம்! இயந்திரத்தில் ஒட்டியிருந்த அவருடைய எண்ணுக்குப் போன் போட்டான்.

"அது சாவி பொறந்த வருஷம் தம்பி. கெடுவை நான் நீட்டிக்கிட்டே வர்றேன். பொறந்த வருஷத்தைப் பாத்து யாராவது உங்களைத் தூக்கிப் போட்டாங்களா?"

"யோசிச்சிட்டிருக்காங்கம்மா."

அது அவருடைய சாவிதான் என்று உறுதிசெய்ய, அதன் கைரேகையை, அதாவது அந்தச் சாவிக்கு மட்டுமே உரிய அடையாளத் தொடரை, ஒப்பிட வேண்டும். எண்ணும், ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துமாக நாற்பது. பட்டறை இரைச்சலில் பி, டி, ஈ எல்லாம் ஒன்றாகவே கேட்டன.

"இப்படி வெச்சுக்கலாம்மா. ஏ-க்கு அத்தை, பி-க்கு பெரியம்மா, சி-க்கு சித்தி, டி-க்கு தம்பி. ஈ-க்கு ஈயேதான்."

"எஃப்?"

"அதுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லம்மா."

"அனாதைன்னு வெச்சுக்கலாமா?"

"ஐயோ, அத்தையோட குழம்பிடும். ஃபேன்."

"சரி, எழுதிக்குங்க. மூணு, சித்தி, சித்தி, ஏழு, தம்பி, ஃபேன்…"

வில்லை மெருகிடுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ ஆள் கூப்பிடுகிறான் என்றே நினைத்திருப்பார்கள். கடைசியாக ஒரு பெரியம்மா வந்து நின்றாள். நாற்பதும் அச்சுப் பிசகாமல் பொருந்தின.

சாவியைச் சேர்த்தான். நிரல் சமர்த்தாக ஏறியது. இயந்திரம் இரண்டு தடவை இருமி, பிறகு முழுத்தொண்டையில் பாட ஆரம்பித்தது. முதல் வில்லை விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் தட்டில் விழுந்ததும் மெருகிடுகிறவர்கள் விசிலடித்தார்கள். தம்பி, ஏதோ உலகக் கோப்பையை வாங்குகிறவன்போல அந்த வில்லையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

வெளி நிறுவனத்துக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா வில்லையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, சொல்லேன். நானா, அவரா?"

"நீதான்டா. எல்லா மெஷினும் உன் பொறுப்பு."