மாப்பிள்ளைக்கு முதுகு காட்டாத நெருப்பு

உடையார்பாளையத்தில் ஜானகியின் கொல்லையில் பற்றவைத்த நெருப்பு, அவள் மகளின் தலைதீபாவளியன்று காலை பதினோரு மணி வாக்கில் அடுப்பைவிட்டு எழுந்தது. எழுந்து, புது மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்துபோய், ஜானகியின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டது. அந்த வாரம் சந்தையில் கரி கிலோ நாற்பது ரூபாய், சின்ன வெங்காயம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மழை வரும் என்று சொல்லியிருந்தார்கள், வரவில்லை.

அடுப்பு வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஊரடங்குக் காலத்தில் ஜானகியின் கணவர் ராஜவேல் வெல்டிங் பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். கை சும்மா இருந்தால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் குழம்பில் குற்றம் கண்டுபிடிப்பார். சென்னையிலிருந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரே மகள் லாவண்யா, போனில் ஒரு கிரில் அடுப்பின் படத்தைக் காட்டி, இதெல்லாம் உங்களால் முடியாதுப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள். அது போதுமானதாக இருந்தது. அந்த வாரமே பழைய இரும்பு டிரம் ஒன்று நெடுக்கில் பிளந்து, பெயிண்ட் போக எரிக்கப்பட்டு, நான்கு கால் முளைத்து, மேலே கம்பித் தட்டோடு கொல்லையில் நின்றது. கூடவே தகட்டை உருட்டி முழங்கை உயரத்துக்கு ஒரு குழாயும் செய்திருந்தார். அடியில் வலை, சுற்றிலும் ஓட்டை, பக்கத்தில் மரக் கைப்பிடி. கரியை அதற்குள் போட்டுக் கீழே பற்றவைத்தால் காற்று தானாக ஏறிக்கொள்ளும். விசிறவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம்.

செய்தவர் ராஜவேல் என்றாலும் அடுப்பை ஆண்டவள் ஜானகிதான். கரி மூட்டம் போடுகிற இடத்துக்கே நேரில் போய்ச் சீமைக்கருவேலங் கரியைப் பொறுக்கி எடுப்பாள். இரண்டு கட்டியை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே இன்னும் மரம் இருக்கிறது, புகையும் என்று திருப்பிப் போட்டுவிடுவாள். ஈரக் கரி வெடித்துப் பொறியை மூஞ்சியில் துப்பும் என்பதால் ஒரு பகல் வெயிலில் காயவைப்பாள். அடுப்பை நடுக் கொல்லைக்கு இழுத்துவந்து, பக்கத்து வீட்டு அய்யம்பெருமாளின் வைக்கோல் போர் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்ட பிறகுதான் தீப்பெட்டியைத் தொடுவாள். குழாய்க்கு அடியில் முந்திரிச் சருகும் தேங்காய் நாரும் மட்டும்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று முந்திரிக்கொட்டைத் தோட்டைப் போடச் சொன்னவர்களை, புகையில் கண்ணு போச்சுன்னா நீங்களா தருவீங்க என்று கேட்டு அனுப்பிவிட்டாள். மண்ணெண்ணெய், பெட்ரோல் என்ற பேச்சே அந்தக் கொல்லையில் கிடையாது. கரி முழுக்கச் சாம்பல் பூத்து உள்ளே சிவக்கிற வரைக்கும் இறைச்சியை அதன் கண்ணில் காட்ட மாட்டாள்.

இப்படி இரண்டு வருடம் போனதில் நெருப்பு அவள் பேச்சுக்குப் பழகிவிட்டது. தள்ளி உட்கார் என்றால் டிரம்மின் மறுபக்கம் தள்ளி உட்காரும். கோழித் தொடைக்குப் பக்கத்தில் நிதானமாக இரு என்றால் இருக்கும். தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் கரி பற்றவைக்க ஜானகியைத்தான் கூப்பிட்டார்கள். தன்னைப்போல் கரி பற்றவைக்க ஜெயங்கொண்டம் வரைக்கும் ஆள் கிடையாது என்பதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். அடக்கமெல்லாம் அவளுக்கு ஒத்துவராது.

அவளுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசக் கூடாது என்ற பழைய வழக்கத்தை அந்தத் தெருவில் கடைசியாகக் கட்டிக்காத்தவள் அவள்தான். மற்ற மாமியார்கள் மாப்பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லாவண்யாவை வைகாசியில் பாடாலூர் பிரேம்குமாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். திருச்சி ரோட்டில் டயர் கடை வைத்திருந்தவர், சிரித்த முகம், நல்ல மனசு. அவர் வரும்போதெல்லாம் ஜானகி கதவுக்குப் பின்னால் நின்று, ஆளைப் பார்க்காமல் அம்மிக்கல்லிடமோ தண்ணீர்க் குழாயிடமோ பேசுவாள். யப்பா குழாயே, மாப்பிள்ளைக்கு மோர் வேணுமான்னு கேளு என்பாள். பிரேம்குமாரும் குழாயைப் பார்த்து, வேணுங்க என்பார். குழாய்க்கு இதில் ஒன்றும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

தலைதீபாவளி வந்தது. விடியலிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்து, மாப்பிள்ளை பட்டு வேட்டி கட்டி, முதல் வெடியையும் அவரே வைத்தார். ராஜவேலின் அக்கா சின்னம்மாள் தன் ஆட்களோடு வந்து சேர்ந்தாள். கொல்லை நிறையச் சொந்தம். ஜானகி தகட்டுக் குழாயில் கரியைப் பற்றவைத்து, சிவந்ததும் டிரம்மில் கொட்டிப் பரப்பி, மேலே கொஞ்சம் புதுக் கரியையும் போட்டுவிட்டு, மசாலா பார்க்க உள்ளே போனாள். வெயிலில் கரி நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. மேலே கறுப்பு, இடுக்கில் வெள்ளைச் சாம்பல், அவ்வளவுதான். மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார். அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வந்த வீட்டுக்கு ஒரு கை உதவலாமே என்ற நல்ல எண்ணம்தான். பாடாலூரில் அறுவடை முடிந்த காட்டில் மக்காச்சோளத் தட்டையைக் குவித்து, ஒரு பாட்டில் பெட்ரோலைத் தெளித்து, தள்ளி நின்று கொளுத்துகிற கை அது. பைக்கிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

ராஜவேல் பார்த்தார். முப்பது வருடம் நெருப்போடு பிழைத்தவருக்கு அது என்ன செய்யும் என்று தெரியாதா? கனலில் பெட்ரோல் பட்டால் ஆவி முதலில் பற்றும், பிறகு ஊற்றுகிற கை பற்றும், பிறகு பட்டு வேட்டி. ஆனால் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்ன மாமனார் அந்தக் குடும்பத்தில் இதுவரை பிறக்கவில்லை. வெடி வைக்க முதல் உரிமை அவருக்கு, இலையில் முதல் உரிமை அவருக்கு, அப்படியானால் அடுப்பிலும் அவருக்குத்தானே. ராஜவேல் வாயைத் திறந்தார், இருமினார், மூடிக்கொண்டார். சின்னம்மாள் வேறு, மாப்பிள்ள கை பட்டா நல்லதுதான் என்று எடுத்துக்கொடுத்தாள். லாவண்யா உள்ளே புதுப் புடவைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள்.

மசாலாத் தட்டோடு பின்வாசலுக்கு வந்த ஜானகி, மூடி திறந்த பாட்டிலைப் பார்த்தாள். மகளின் தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மாப்பிள்ளையிடம் பேச முடியாது. பழகிப்போன நாக்கு தன்னால் வேறு ஆளைத் தேடியது. அவள் நெருப்பைப் பார்த்து, அதட்டாமல், பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"எந்திரிச்சு இங்க வா."

நெருப்பு எழுந்தது. இடுப்பு உயரம் இருந்தது, செவ்வந்திப் பூ நிறம். முன்பே சொன்னபடி மாப்பிள்ளைக்கு முதுகு காட்டாமல் நடந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றது. புடவையில் ஒரு நூல் கருகவில்லை. சாய்ந்த பாட்டில் சாய்ந்தபடியே இருக்க, பாதிப் பெட்ரோல் நெருப்பு எழுந்துபோன வெறும் கரியில் விழுந்து சும்மா நனைத்தது.

பிரேம்குமார் மரியாதை தெரிந்த பிள்ளை. தன்னால்தான் நெருப்பு கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று பதறி, அதைச் சமாதானப்படுத்திக் கூட்டிவர, கையில் மிச்சப் பெட்ரோலோடு இரண்டு எட்டு முன்னால் வைத்தார். வாங்க, வந்து உக்காருங்க என்று அதைக் கும்பிட்டும் அழைத்தார். நெருப்புக்கு இதற்கு மேல் பின்னால் போக இடமில்லை. பின்னால் வீட்டு வாசல். கரி நெருப்பு கூரைக்குள் வந்தால் ஆளுக்கே தெரியாமல் மூச்சைக் குடித்துவிடும் என்று ஜானகி எப்போதும் சொல்வது அதற்கும் தெரியும், வாசற்படியைத் தாண்டாது.

தண்ணீர்க் குழாய் தூரத்தில் இருந்தது. அம்மிக்கல் உள்ளே இருந்தது. ஜானகி தலையை நிமிர்த்தி, பிரேம்குமாரின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"கிட்ட வராதீங்க மாப்பிள்ள. பாட்டில மூடுங்க. அப்புடியே பின்னால போங்க."

நெருப்பு எழுந்து நடந்ததை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜானகி வளர்த்த நெருப்பு, நடக்காமல் என்ன செய்யும். ஜானகி மாப்பிள்ளையிடம் பேசிவிட்டாள் என்பதுதான் அவர்களால் நம்ப முடியாததாக இருந்தது. ஊரும் பிறகு ஒரு மாதம் அதைத்தான் பேசியது. சின்னம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, தலைதீவாளியும் அதுவுமா மாப்பிள்ளய அதட்டிட்டியேடி, அவரு கோவிச்சுக்கிட்டு வண்டி ஏறிட்டா என்ன பண்ணுவ என்றாள். அதே பயம்தான் ஜானகிக்கும். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும், முழுசாகப் போகட்டும் என்று நினைத்து நின்றாள்.

பிரேம்குமார் பாட்டிலை மூடினார். பின்னாலேயே நடந்து கொல்லைப் படலைத் தாண்டி, பாட்டிலை வெகுதூரத்தில் நிழலில் வைத்துவிட்டு, கைகளைச் சோப்புப் போட்டு மறுபடி மறுபடி கழுவினார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னைய உங்களுக்குப் புடிக்கலன்னே நெனச்சிட்டு இருந்தேன் அத்த. குழாய்கிட்டல்லாம் பேசுறீங்க, எங்கிட்ட ஒரு வார்த்த பேசலியேன்னு."

வழக்கத்தைக் காப்பாற்றிய பெருமையில் ஜானகி இத்தனை மாதம் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருந்தாள். அந்தப் பெருமைக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை வாடிப்போய் நின்றது அவளுக்குத் தெரியவே இல்லை. ஆனாலும் ஜானகி ஜானகிதான். அழுகையை விழுங்கிவிட்டு, பெட்ரோல் பட்ட கரியை ராஜவேலைக்கொண்டு வெட்டவெளியில் பரப்பவைத்தாள், டிரம்மைக் கழுவித் துடைத்துக் காயவைத்தாள், புதுக் கரி நிரப்பச் சொன்னாள். நிரப்பியவர் மாப்பிள்ளை. இந்தக் கட்டி இங்க, அந்தக் கட்டி அங்க என்று அவள் சொல்லச் சொல்ல அவர் அடுக்கினார். அதுவரைக்கும் நெருப்பு வாசற்படி ஓரம் பொறுமையாக நின்றிருந்தது. அடுக்கி முடிந்ததும் தானாகவே போய் ஏறி உட்கார்ந்தது. சாப்பிடும்போது மணி மூன்று ஆகிவிட்டது. இலையில் மாப்பிள்ளைக்குக் கறியை மாமியாரே நேரில் வந்து வைத்தாள் என்பதையும் ஊர் பதிவு செய்துகொண்டது.

அடுத்த வருடம் பெண் குழந்தை பிறந்தது. அதற்கடுத்த தீபாவளிக்குப் பிரேம்குமார் பாடாலூரில் தன் வீட்டுக் கொல்லையில் தன் ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டி வைத்துக்கொண்டு, தானே கரி பற்றவைத்தார். சருகு, நார், தகட்டுக் குழாய், மணல் வாளி, எல்லாம் முறைப்படி. பெட்ரோல் எடுத்துவந்த சித்தப்பாவை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாராம். பிறகு ஜானகிக்குப் போன் செய்தார். ஜானகி அப்போது தெருவில் நாலு பேர் நடுவில் நின்றிருந்தாள். வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாம்பல் பூத்துடுச்சு அத்த. கறியப் போடலாமா? ஆனா நெருப்பு எந்திரிச்சு நிக்குது. உங்க குரல் கேட்டதும் எந்திரிச்சிடுச்சு."

ஜானகி சுற்றியிருந்தவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எனக்கெல்லாம் நிக்க வேணாம், உக்காரச் சொல்லுங்க மாப்பிள்ள. இனிமே நீங்க சொன்னாலே கேக்கும்."

அவர் சொன்னார். அது உட்கார்ந்தது.